நிழல் விலையும் மனித மாண்பும்

அறவியலாரும் கணிதவியலாரும் ஒரே வினாவை வெவ்வேறு மொழிகளிற் கேட்கும் இடங்கள் சில உள. "இருப்பதைக் கொண்டு மிகச் சிறந்ததைச் செய்வது எங்ஙனம்?" என்பது அவற்றுள் ஒன்று. குறைந்த வருவாயில் இல்லறம் நடத்தும் தாய்க்கும் இவ்வினா உண்டு. நாட்டின் வரவுசெலவைத் திட்டமிடும் அமைச்சுக்கும் உண்டு. இருபதாம் நூற்றாண்டிலே இது தனியொரு கணிதத் துறையாக விரிந்து, உத்தமமாக்கல் எனப் பெயர் பெற்றது. அத்துறைக்கு அத்திவாரமாய் அமைந்தது குவிவுப் பகுப்பாய்வு ஆகும். இத்துறை தரும் விடைகளில் வியப்புக்குரிய ஓர் இயல்பு உண்டு. எதைச் செய்க என்று கூறும் திட்டத்தோடு, எவரும் கேளாத விலைப்பட்டியலொன்றும் உடன்பிறக்கின்றது. பலகைக்கு விலை, இயந்திரத்துக்கு விலை, மனிதனின் உழைப்பு நாளுக்கு விலை எனக் கணிதமே எண்களை இட்டு விடுகின்றது. அவ்வெண்கள் எதன் விலைகள்? மனிதனது உழைப்புக்கும் ஓய்வுக்கும் அவை இடும் மதிப்பை நாம் எவ்வாறு விளங்கிக்கொள்ளல் வேண்டும்? இவ்வினாவை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

முதலில் இவ்விலைகள் பிறந்த வரலாற்றைச் சுருக்கமாக நோக்குவோம். 1938 ஆம் ஆண்டிலே லெனின்கிராட் நகரில் ஒட்டுப்பலகைத் தொழிலைச் சேர்ந்த ஆய்வுகூடமொன்று பல்கலைக்கழகக் கணிதவியலாளரான லியோனிட் கன்டரோவிச்சை அணுகியது. வெவ்வேறு வகை மரங்களை வெவ்வேறு ஆற்றலுடைய இயந்திரங்களிடையே எவ்வாறு பகிர்ந்தால் உற்பத்தி உச்சமாகும் என்பதே கேட்கப்பட்ட வினா. கன்டரோவிச்சுக்கு அப்போது வயது இருபத்தாறு. இவ்வினா ஒரு தொழிற்சாலையின் வினா மட்டுமன்று, வயலைப் பயிர்களுக்குப் பகிர்தலும் சரக்கைப் பாதைகளுக்குப் பகிர்தலும் இதே வடிவினவே என்பதை அவர் கண்டுகொண்டார். 1939 இல் அவர் வெளியிட்ட சிறுநூல், பின்னர் நேர்கோட்டு நிரலாக்கம் எனப்பட்ட துறையின் தொடக்கமாயிற்று. அதனை அறியாமலே ஐக்கிய அமெரிக்காவில் கூப்மன்ஸ் போர்க்காலக் கப்பற் போக்குவரத்தை ஆராய்ந்து இதையொத்த முடிபுகளை அடைந்தார். ஜோர்ஜ் டான்சிக் 1947 இல் இத்தகைய வினாக்களுக்கு விடை காணும் சிம்பிளெக்ஸ் முறையை வகுத்தார். கன்டரோவிச்சும் கூப்மன்சும் 1975 இல் பொருளியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டனர்.

இனிக் குவிவு என்பது யாதெனக் காண்போம். ஒரு தொடையிலே எவ்விரு புள்ளிகளை எடுப்பினும் அவற்றை இணைக்கும் நேர்கோட்டுத் துண்டு முழுவதும் அத்தொடையினுள்ளேயே அமையுமாயின் அது குவிவுத் தொடையாகும். முட்டையின் வடிவம் குவிவானது. பிறைமதியின் வடிவம் அத்தகையதன்று. இதனைச் செயலுலகில் வைத்துக் கூறின், இரு திட்டங்கள் தனித்தனியே இயலுமாயின் அவற்றைப் பாதி பாதியாகவோ வேறெவ்விகிதத்திலோ கலந்த திட்டமும் இயலும் என்பதே குவிவின் பொருள். இதனாற் கிடைக்கும் பயன் பெரிது. குவிவுத் தொடையின்மீது கிண்ணம் போன்ற ஒரு சார்பின் மிகத் தாழ்ந்த இடத்தைத் தேடுபவன் தன் காலடியைச் சுற்றி மட்டும் பார்த்தாற் போதும். எச்சிறு அடி வைத்தும் மேலும் இறங்க முடியாத இடத்தை அடைந்தானாயின், முழுக் கிண்ணத்தின் அடியையே அவன் அடைந்தவனாவான். அருகில் உள்ளவற்றுட் சிறந்ததே அனைத்தினும் சிறந்தது. குவிவு இல்லாத நிலத்திலோ சிறு பள்ளமொன்றில் நின்றுகொண்டு ஆழ்கடலை அடைந்துவிட்டதாக ஒருவன் மயங்கலாம்.

குவிவின் இரண்டாவது கொடை பிரிக்கும் தளம் பற்றிய தேற்றமாகும். ஒன்றையொன்று வெட்டாத இரு குவிவுத் தொடைகளின் இடையே எப்பொழுதும் ஒரு தட்டையான சுவரை நிறுத்தலாம் என்பது அத்தேற்றத்தின் சாரம். மின்கோவ்ஸ்கி, 1902 இல் தமது தேற்றத்தை வெளியிட்ட ஃபார்க்கஸ் முதலியோர் இட்ட இவ்வடிப்படையின்மீது ஃபென்கெல், மொறோ, 1970 இல் "குவிவுப் பகுப்பாய்வு" என்ற பெருநூலை வெளியிட்ட ரொக்கஃபெல்லர் ஆகியோர் முழுமையான கட்டடத்தை எழுப்பினர். எமக்கு இயலுவன எல்லாம் ஒரு தொடை. நாம் அடைந்த சிறந்ததினும் சிறந்தன எல்லாம் மற்றொரு தொடை. இவ்விரண்டும் வெட்டுவதில்லை. ஆகவே இடையில் ஒரு சுவர் நிற்கின்றது. அச்சுவரின் சாய்வே விலை. ஒரு வளத்தில் ஓரலகு கூடினால் அல்லது குறைந்தால் அடையக்கூடிய பயன் எவ்வளவு மாறும் என்பதை அச்சாய்வு கூறுகின்றது. சந்தையில் எவரும் கூவி விற்காத விலையாதலின் இதனை நிழல் விலை என்பர்.

ஓர் எளிய எடுத்துக்காட்டு இதனைத் தெளிவாக்கும். தச்சுப் பட்டறையொன்றில் மேசையும் கதிரையும் செய்யப்படுகின்றன எனக் கொள்வோம். மேசை ஒன்றுக்கு இரண்டு பலகையும் ஒருநாள் உழைப்பும் வேண்டும். கதிரை ஒன்றுக்கு ஒரு பலகையும் ஒருநாள் உழைப்பும் வேண்டும். மேசையால் வரும் இலாபம் 30 ரூபா. கதிரையால் வருவது 20 ரூபா. எட்டுப் பலகைகளும் ஐந்து நாள் உழைப்பும் உள்ளன. மூன்று மேசையும் இரண்டு கதிரையும் செய்வதே உத்தமத் தீர்வு. இலாபம் 130 ரூபா. இனி விலைகளைப் பார்ப்போம். பலகை ஒன்றுக்கு 10 ரூபா, உழைப்பு நாள் ஒன்றுக்கு 10 ரூபா எனக் கணக்கு விடை தருகின்றது. எட்டுப் பலகைக்கு 80, ஐந்து நாளுக்கு 50, ஆகக் கூடிய தொகை அதே 130. உற்பத்தியை உச்சமாக்கும் வினாவும் வளங்களை மதிப்பிடும் வினாவும் ஒரே எண்ணிற் சந்திக்கின்றன. 1947 இல் வொன் நொய்மன் டான்சிக்குக்கு எடுத்துரைத்ததும், 1951 இல் கேல், கூன், டக்கர் ஆகியோரின் நிறுவலுடன் வெளிவந்ததுமான இருமைத் தேற்றம் இதுவே. ஆறாவது நாளொன்று கிடைக்குமாயின் இரண்டு மேசையும் நான்கு கதிரையும் செய்து 140 ரூபா பெறலாம். அந்நாளின் நிழல் விலை 10 என்பதன் பொருள் அதுவேயாம்.

இவ்விலைகள் தோன்றியவுடன் கருத்துலகிற் பூசலும் தோன்றியது. கன்டரோவிச் தம் பொருளியற் பெருநூலை 1942 அளவில் எழுதி முடித்தும் அது 1959 இலேயே அச்சேறியது. உழைப்பு ஒன்றே மதிப்பின் ஊற்று எனக் கொண்ட சோவியத் கோட்பாட்டாளருக்கு, பலகைக்கும் இயந்திர நேரத்துக்கும் மதிப்பளிக்கும் கணக்கு முதலாளித்துவப் பொருளியலின் மறுவடிவாகத் தோன்றியது. அவர் அம்மதிப்புகளைப் "புறவயமாக நிர்ணயிக்கப்பட்ட மதிப்பீடுகள்" எனப் பெயரிட்டு, அவை திட்டத்தின் உள்ளிருந்தே எழுவன என வாதிட்டார். மேற்குலகிலோ, திட்டமிடுவோரும் விலைகளின்றி இயங்க முடியாதென்பதற்கு இதுவே சான்று என மகிழ்ந்தோர் உளர். இரு சாராரும் நிழல் விலையைப் பொருளின் உள்ளார்ந்த மதிப்பென்றே கருதினர் போலும். உண்மையில் அது அத்தகையதன்று.

மேற்கூறிய பட்டறையையே மீண்டும் நோக்குக. இலாபத்தை விடுத்து, இயன்றவரை அதிக எண்ணிக்கையான தளபாடங்களைச் செய்வதே குறிக்கோள் எனக் கொள்வோம். ஐந்து நாள் உழைப்பில் ஐந்து பொருள்களே செய்யலாம். பலகை எத்தனை கூடினும் ஆறாவது பொருள் பிறவாது. ஆகவே பலகையின் நிழல் விலை பூச்சியமாகின்றது. அதே மரம், அதே பட்டறை, அதே தச்சர். மாறியது குறிக்கோள் ஒன்றே. நேற்றுப் பத்து ரூபா பெறுமதியான பலகை இன்று எதுவும் பெறாது. "புறவயமான" மதிப்பீடு என்பது உண்மைதான். கணக்கிடுபவனின் விருப்பு வெறுப்பு அதில் நுழைவதில்லை. ஆயினும் குறிக்கோள் இதுவென வகுத்தவனின் விருப்பு அதனுள் முழுமையாக உறைந்திருக்கின்றது. விலைப்பட்டியலைக் காட்டி, "இது கணிதம் கூறியது" என்று எவரேனும் கூறுவராயின், "கணிதத்தை என்ன கேட்டீர்?" என்று வினவும் உரிமை எமக்கு உண்டு.

கேட்ட வினாவுக்கு மட்டுமே கணிதம் விடை தரும் என்பதற்கு டான்சிக்கின் வாழ்விலிருந்தே ஒரு சான்று கூறலாம். 1945 இல் ஸ்டிக்லர் என்னும் பொருளியலாளர், ஒரு மனிதனுக்கு வேண்டிய ஒன்பது வகை ஊட்டங்களை 77 உணவுகளிலிருந்து மிகக் குறைந்த செலவிற் பெறுவது எவ்வாறு எனக் கணக்கிட்டார். கோதுமை மா, தகரப் பால், கோவா, பசளி, உலர்ந்த அவரை என்னும் ஐந்துணவுகளே விடையாகின. 1939 ஆம் ஆண்டு விலைப்படி ஆண்டுச் செலவு 39.93 டொலர். பின்னர் சிம்பிளெக்ஸ் முறையிற் கணித்தபோது உத்தம விடை 39.69 டொலர் எனத் தெரிந்தது. இத்தகைய உணவை எவருக்கும் எவரும் பரிந்துரைப்பதில்லை என்பதை ஸ்டிக்லரே எழுதியிருந்தார். டான்சிக்கோ 1950களின் தொடக்கத்திலே தம் உடல் எடையைக் குறைக்கும் பொருட்டுத் தமக்கென ஓர் உணவுத் திட்டத்தைக் கணிக்க முற்பட்டார். வயிறு நிறைந்த உணர்வை உச்சமாக்கும்படி கேட்டார். நாளுக்கு ஐந்நூறு கலன் வினாகிரி அருந்துக என விடை வந்தது! வினாகிரியைப் பட்டியலிலிருந்து நீக்கியபோது, இறைச்சிச் சாற்றுக் கட்டிகள் இருநூறு உண்க என்றது. கணக்கிற் பிழையில்லை. மனிதன் இத்துணை வினாகிரி அருந்தலாகாது என்ற தடை எழுதப்படவில்லை, அவ்வளவே. எழுதாத தடையைக் கணிதம் ஊகித்து அறியாது. ஒரு சாப்பாட்டுத் திட்டத்தில் இது நகைப்புக்குரியது. ஒரு நாட்டின் திட்டத்திலோ எழுத மறந்த தடைக்குள் ஒரு கிராமமே அடங்கியிருத்தல் கூடும்.

இனி உழைப்பின் விலைக்கு வருவோம். பட்டறையில் ஐந்து நாளுக்குப் பதிலாகப் பத்து நாள் உழைப்பு உண்டெனக் கொள்வோம். பலகையோ அதே எட்டுத்தான். இப்போது எட்டுக் கதிரைகள் செய்து 160 ரூபா பெறுவதே உத்தமம். இரண்டு நாள் உழைப்பு எஞ்சிக் கிடக்கின்றது. உழைப்பின் நிழல் விலை பூச்சியம். எஞ்சிக் கிடக்கும் வளத்துக்கு விலையில்லை என்பது இருமைத் தேற்றத்தின் உடன்விளைவு. வேலையின்மை மிகுந்த நாடுகளின் திட்டங்களை மதிப்பிடுகையில் இது வெறும் பட்டறைக் கணக்காக இருப்பதில்லை. 1972 இல் ஐக்கிய நாடுகளின் கைத்தொழில் அபிவிருத்தி நிறுவனத்துக்காகத் தாஸ்குப்தா, மார்க்ளின், அமர்த்தியா சென் ஆகியோர் எழுதிய வழிகாட்டிநூலிலும், லிட்டில், மிர்லீஸ் ஆகியோரின் நூல்களிலும், வேலையற்றோரின் உழைப்பைச் சந்தைக் கூலியினால் அன்றி நிழற் கூலியினால் மதிப்பிடுதல் பெரிதும் ஆராயப்பட்டது.

ஒரு மனிதனின் உழைப்புக்குப் பூச்சியம் என எழுதுதல் அவனை இகழ்தல் ஆகாதா? முதற் பார்வையில் ஆகும் என்றே எமது நெஞ்சம் கூறும். ஆனால் இவ்வெண்ணைச் செம்மையாகப் படித்தல் வேண்டும். ஐந்து நாள் இருந்தபோது பத்து ரூபா பெற்ற அதே தச்சன்தான் பத்து நாள் இருக்கையிற் பூச்சியம் பெறுகின்றான். அவன் கைத்திறனும் குறையவில்லை. உடல் வலிவும் குறையவில்லை. குறைபாடு பலகையில் இருக்கின்றது. ஆகவே பூச்சியம் என்பது அம்மனிதனைப் பற்றிய தீர்ப்பன்று. அவன் கைகளுக்கு வேலை வைக்காத ஏற்பாட்டைப் பற்றிய முறைப்பாடு ஆகும். திட்ட மதிப்பீட்டாளர் குறைந்த நிழற் கூலியைப் பயன்படுத்தியதும் அவனுக்குக் குறைத்துக் கொடுப்பதற்கன்று. அவனை வேலைக்கு அமர்த்துவதாற் சமுதாயம் இழப்பது சிறிதே, ஆகவே அமர்த்துக என்று வாதிடுவதற்கேயாம். நிழற் கூலியைக் காட்டி உண்மைக் கூலியைக் குறைக்க முயல்பவன் ஒரு மொழியின் சொல்லை மற்றொரு மொழியின் பொருளிற் படிக்கின்றான்.

இங்கே அறவியலின் பழைய வழக்கொன்று எம்முன் எழுகின்றது. பெந்தாம் முதலான பயன்முறைவாதிகள் மனிதரின் இன்ப துன்பங்கள் அனைத்தையும் ஒரே கூட்டுத்தொகையாக்கி, அதனை உச்சமாக்குக என்றனர். கணித மொழியிற் கூறின், எல்லாவற்றையும் நோக்கச் சார்பினுள் வைத்தனர். நோக்கச் சார்பினுள் உள்ள எதுவும் மற்றெதனோடும் பண்டமாற்றுச் செய்யத்தக்கது. ஒருவனின் துன்பம் போதிய அளவு பிறரின் இன்பத்தால் ஈடு செய்யப்படும். இதற்கு மாறாக, இம்மானுவேல் கான்ற் 1785 இல் வெளியிட்ட நூலில், விலையுடையதற்கு ஈடாக வேறொன்றை வைக்கலாம், விலையினும் மேம்பட்டதே மாண்புடையது என்றும், மனிதன் மாண்புடையவன் என்றும் வேறுபடுத்தினார். 1974 இல் றொபேட் நோசிக் உரிமைகளைக் குறிக்கோள்களாக அன்றிச் செயலின் பக்கத்தடைகளாகக் கொள்ளல் வேண்டுமென எழுதியபோது, கணிதத்தின் சொல்லே அறவியலுள் வந்துவிட்டது எனலாம். மனிதனைக் கூட்டுத்தொகையிற் சேர்க்காதே; அவனைத் தடையாக வை என்பதே இம்மரபின் கட்டளை.

ஆனால் இருமைத் தேற்றம் அறிந்த ஒருவர் உடனே எதிர்வாதம் எழுப்புவார். "நீவிர் தடையாக வைத்தாலும் அத்தடைக்கும் ஒரு நிழல் விலை உண்டே. பட்டறையில் ஆறாம் நாளைத் தொழிலாளியின் ஓய்வுநாள் என்று ஒதுக்கினீர். கணக்கு அந்நாளுக்குப் பத்து ரூபா என எழுதிவிட்டது. ஆகவே ஓய்வின் விலை பத்து ரூபா என்று நீவிரும் ஒப்புக்கொண்டீர். மாண்பு என்பது விலையை மறைக்கும் திரையேயன்றி வேறில்லை" என்பார். இவ்வாதம் வலியது. எல்லாவற்றுக்கும் விலையுண்டு என்போரின் கடைசிப் படைக்கலம் இதுவே.

இதற்குரிய விடை, என் கருத்தில், அவ்வெண்ணின் இலக்கணத்திலேயே இருக்கின்றது. ஐந்து நாள் என்னும் வரம்பு எங்கிருந்து வந்தது? ஐந்து நாளுக்கே ஆள் கிடைத்திருக்கலாம். அல்லது ஆறாம் நாள் வேலை வாங்கலாகாது என்ற அறவுணர்வால் வந்திருக்கலாம். கணக்குக்கு இரண்டும் ஒன்றே. இரண்டிலும் அது பத்து என்றே கூறும். ஓய்வு அத்தொழிலாளிக்கு எத்துணை பெறுமதியானது, அந்நாளில் அவன் தன் பிள்ளைகளோடு இருக்கின்றானா, கோவிலுக்குச் செல்கின்றானா, வெறுமனே உறங்குகின்றானா என்பது எதுவும் கணக்கினுள் நுழையவேயில்லை. நுழையாத ஒன்றன் மதிப்பை விடை எங்ஙனம் கூறும்? அப்பத்து ரூபா ஓய்வின் விலை அன்று. ஓய்வைப் பறிக்க மறுத்ததனால் பட்டறை கைவிட்ட இலாபம். சுருங்கக் கூறின், தடையின் நிழல் விலை பொருளின் மதிப்பன்று. எமது மறுப்பின் செலவு. ஒரு நண்பனைக் காட்டிக்கொடுக்க ஆயிரம் ரூபா தருவதாகக் கூறியவனை மறுத்தவன் ஆயிரம் ரூபாவை இழந்தான் என்பது உண்மை. அவன் நட்பின் விலை ஆயிரம் ரூபா என்பது அதிலிருந்து பெறப்படாது. ஈராயிரம் தந்திருப்பினும் அவன் மறுத்திருப்பான், அப்போது இழப்பு ஈராயிரமாகியிருக்கும், நட்பு மாறியிராது.

ஆயினும் இவ்விடையால் மாண்பின் பக்கம் நிற்போர் முற்றாக விடுதலை பெற்றுவிடவில்லை. மறுப்புக்குச் செலவு உண்டு என்பதை அவர்கள் ஒப்புக்கொண்டே ஆகவேண்டும். அச்செலவை யாரோ ஒருவர் ஏற்கின்றார். பட்டறைக்காரர் இழக்கும் பத்து ரூபா அவர் வீட்டு அரிசியாகவும் இருக்கக்கூடும். தடைகளை விதித்துவிட்டு அவற்றின் விலையைப் பார்க்க மறுப்பது அறத்தின் உயர்வன்று. பிறர் செலவில் உயர்ந்து நிற்றல் ஆகும். மேலும், எல்லாவற்றையும் மீறலாகாத தடைகளாகவே வைப்போமாயின், அவை அனைத்தையும் நிறைவேற்றும் திட்டம் ஒன்றேனும் இல்லாமற் போகலாம். இயலும் தொடை வெறுமையாகலாம். நேர்கோட்டுத் தடைகள் ஒன்றோடொன்று முரண்படின் அம்முரணை வெளிப்படையாகக் காட்டும் பெருக்கிகள் உண்டு என்பதே ஃபார்க்கஸ் நிறுவிய முடிபு. எதனைத் தளர்த்துவது என்பதை அத்தேற்றம் கூறாது. எவ்வெவை ஒருங்கு நில்லா என்பதைக் கூறும். அதன்பின் தேர்வது மனிதனின் கடன்.

இன்னும் ஓர் எல்லையைக் குறிப்பிடல் வேண்டும். இதுகாறும் கூறிய யாவும் குவிவு உள்ள இடத்துக்கே முழுமையாகப் பொருந்தும். அறவாழ்விலோ கலக்க முடியாதன பல உள. பாதிப் பாலம் ஆற்றைக் கடக்க உதவாது. இரு வாக்குறுதிகளிற் பாதி பாதியைக் காத்தவன் ஒன்றையும் காத்தவன் அல்லன். அத்தகைய இடங்களில் இயலுவனவற்றின் தொடை பிறைமதி போல் வளைந்து குழிந்து நிற்கும். தட்டையான சுவரால் அதனைப் பிரித்தல் எப்போதும் இயலாது. ஆகவே ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை கூறி நல்லதைத் தெரிவுசெய்யும் வழி அங்கே தவறக்கூடும். சிறு சிறு சீர்திருத்தங்களால் உச்சத்தை அடைந்துவிடலாம் என்ற நம்பிக்கையும் அங்கே உறுதியற்றது. சில நலன்களை அடைய ஒரே பாய்ச்சல் வேண்டியிருக்கும். பாயுமுன் சற்றுக் கீழிறங்கவும் வேண்டியிருக்கும். எந்நிலம் குவிவானது, எந்நிலம் அன்று என ஆராயாது படிப்படியான முன்னேற்றத்தைப் போற்றுவதும் பழிப்பதும் ஒருங்கே அவசரமாகும்.

இவ்வாறு நோக்குகையில், கணிதம் அறத்துக்குப் பகையும் அன்று, பதிலியும் அன்று என்பது புலனாகும். குறிக்கோள் எது, எவற்றை அக்குறிக்கோளுக்காக மாற்றிக்கொள்ளலாம், எவற்றை எதன்பொருட்டும் தொடலாகாது என்னும் மூன்றையும் வகுப்பவன் மனிதனே. வகுத்தபின் அவ்வகுப்பின் விளைவை ஒளிக்காமல் எடுத்துரைப்பது கணிதம். திட்டமிடுவோர் நிழல் விலைகளைக் கண்டு அஞ்சவும் வேண்டா. அவற்றை வேதவாக்காகக் கொள்ளவும் வேண்டா. ஒவ்வொரு தடைக்கும் எதிரே அதன் செலவை எழுதி வைத்து, "இச்செலவை ஏற்றும் நாம் இதனைக் காப்போமா?" என்று தம்மையும் செலவை ஏற்பவரையும் கேட்பாராயின், அக்கேள்வியே நேர்மையான அறவாராய்ச்சியின் தொடக்கமாகும். விலையை அறியாது கூறும் "மாட்டேன்" எளிது. அதனை அறிந்து, பங்கிட்டு ஏற்றுக்கொண்டு கூறும் "மாட்டேன்" ஒன்றே மனித மாண்புக்கு உறுதியான காவலாகும்.